பாலத்துக்கு இந்தப் பக்கம்

...இடுப்பில் துப்பாக்கி வைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த இடுப்பில் கால்சட்டை நிற்க வேண்டும், இது ஒரு பெரிய சாத்திரமா, இந்தக் காலத்துப் பயல்களுக்கு அதைக்கூட ஒருவன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, தீவனக் கடை வாசலில் சற்று முன்பு ஒரு தடியன் நின்றானே, தொளதொளத்த அரைக்கால் சட்டை, வெறும் நாடா, அந்த நாடாவில் ஒரு பிஸ்டல் தொங்குகிறது, ஒரு கையில் நாய்த் தீவன மூட்டை, மறு கையால் கால்சட்டை அவிழ்ந்து விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான், ஆபத்து வந்தால் எந்தக் கையால் எடுப்பான், மூட்டையைப் போடுவானா மானத்தைப் போடுவானா... டெல்பர்ட் ஷிஃப்லெட் வண்டிக் கண்ணாடியை இறக்கித் துப்பினார். எழுபத்தெட்டு வயதில் அவர் இன்னும் தோல் வாரில் தோல் உறை மாட்டி, அதற்கு மேல் கோட்டு போட்டுத்தான் வெளியே வருகிறார், உள்ளே இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன, நகையா அது? முன்பெல்லாம் மேற்கு வர்ஜீனியாவில் மறைத்து எடுத்துப் போக அனுமதி அட்டை வேண்டும், அதற்கு வகுப்பில் உட்கார வேண்டும், குறி வைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும், ஷெரீஃப் கையெழுத்துப் போட வேண்டும், எட்டாம் வகுப்போடு மர அறுவை ஆலைக்குப் போன மனிதன் அறுபது வயதில் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார், எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும், மனைவி நாடின்தான் பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டுப் படித்துக் காட்டினாள், "எதிராளி ஓடினா சுடக்கூடாதாம், கேட்டுக்கிட்டியா, முதுகுல சுட்டா ஜெயிலாம்"... அப்புறம் தலைநகரில் உட்கார்ந்திருப்பவர்கள் இருபத்தொரு வயது ஆனால் போதும், அட்டை வேண்டாம் என்று சட்டத்தை மாற்றினார்கள், சரிதான், உரிமைக்கு எதற்கு அட்டை, அதில் அவருக்கு மறுபேச்சு இல்லை, ஆனால் இந்த நாடாப் பயலைப் பார்த்தால்... இல்லை, அவனுக்கும் உரிமை உண்டு, முட்டாளுக்கு உரிமை இல்லையென்றால் அது உரிமையே இல்லை, இருந்தாலும் ஒரு பெல்ட் வாங்கித் தொலையலாம்.

சாலை மலையைச் சுற்றி இறங்கி ஆற்றோரம் சேர்ந்தது. வியாழக்கிழமை, ரமோனா வீட்டில் மதியச் சாப்பாடு, மூன்று வருடமாக, நாடின் கண்ணை மூடியதிலிருந்து, இதே வழக்கம். மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேரிலாண்டில் இருக்கிறாள், ஆறு என்னவோ ஒன்றுதான், மீனுக்குத் தெரியாது எந்தக் கரை எவனுடையது என்று, ஆனால் மனிதன் பாலத்தின் நடுவே அந்தப் பச்சைப் பலகையைத் தாண்டினால் போதும், இந்தக் கரையில் யோக்கியனாக இருந்தவன் அந்தக் கரையில் குற்றவாளி. நாடின் படிக்க அவர் வாங்கிய அட்டை எத்தனையோ மாநிலங்களில் செல்லும், தெற்கே போனால் செல்லும், மேற்கே போனால் செல்லும், கல்லெறிகிற தூரத்தில் இருக்கும் மேரிலாண்டில் செல்லாது, எங்கள் அட்டைதான் வேண்டும் என்கிறான், பத்தடி தண்ணீரைத் தாண்டினால் என் கை வேறு கை ஆகிவிடுமா? இதில் ரமோனா வேறு போன வாரம், தட்டில் ஏதோ இலைதழையைப் போட்டுக்கொண்டே, அப்பா இங்கேயே வந்துடுங்க, கீழ் அறை சும்மாதானே கிடக்கு, அந்த வீட்டுல தனியா என்ன பண்றீங்க, அடுத்த வியாழக்கிழமை வரும்போது ஒரு பதிலோட வாங்க என்றாள். நல்ல பெண்தான். அம்மா மாதிரியே நெற்றியைச் சுருக்குவாள். ஆனால் அவருக்கா தெரியாது... அந்தக் கரையில் இன்னொரு சட்டம் இருக்கிறது, பெற்ற மகளே நீதிமன்றத்துக்குப் போய், என் அப்பாவுக்கு நிதானம் போதவில்லை, கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பூட்டிவிடுவார்கள், இந்தக் கரையில் அது நடக்காது. ரமோனா செய்வாளா? செய்ய மாட்டாள். செய்ய மாட்டாள் என்றால் போன மாதம் அவர் அடுப்பை அணைக்காமல் வந்ததை எதற்காக நாட்காட்டியில் குறித்து வைத்தாள்? குறித்ததை அவர் பார்த்தார். சின்ன எழுத்து, ஆனால் 'அடுப்பு' என்ற வார்த்தை அவருக்குப் படிக்க வரும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், கடைசி வளைவில், ஆர்வில் வைத்திருக்கும் புழுக்கடை. மீன் பிடிக்கிறவர்களுக்கு மண்புழுவும் தூண்டிலும் விற்கிற கடை, ஆனால் பாதிப் பேர் அங்கே வண்டியை நிறுத்துவது புழுவுக்காக அல்ல, மூடிப்போன சுரங்கத்திலிருந்து தூக்கி வந்த இரும்பு லாக்கர்கள் பன்னிரண்டு பின்சுவரில் வரிசையாக நிற்கின்றன, மேரிலாண்டுக்கு ஆஸ்பத்திரிக்கோ பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கோ போகிறவன் இடுப்பில் இருப்பதை அதில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு பாலம் ஏறுவான், திரும்பும்போது எடுத்துக்கொள்வான். கோயிலுக்கு வெளியே செருப்பை விடுகிற மாதிரி. டெல்பர்ட்டுடையது ஏழாம் எண். "வாய்யா டெல்பர்ட்டு," என்றார் ஆர்வில், விரல் முழுக்க ஈர மண், "உன் ரூம் காலியாத்தான் இருக்கு. பொண்ணு வீட்டுல இன்னைக்கு என்ன, போன வாரம் மாதிரி புல்லும் பூண்டுமா?" அவள் போடுவதை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று இவர் சொல்ல, ஆர்வில் சிரித்து, "சரி சட்டுனு வெச்சிட்டுப் போ, அந்த ஊரு போலீஸ்காரன் காலையிலேர்ந்து பாலத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு குனிஞ்சு பாக்குறான், அவனுக்கு எங்க வலிக்குதோ" என்றார். கை கோட்டுக்குள் போயிற்று. வழக்கமாகப் போகிற கை, யோசிக்காமல் போகிற கை... தோல் இருந்தது. தோலுக்குள் ஒன்றும் இல்லை. விரல்கள் உறையின் அடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தன, இன்னொரு முறை போயின, சட்டைப்பை, கோட்டுப்பை, வலது, இடது... "என்ன பெருசு, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" இல்லை, இன்னைக்கு எடுத்துட்டு வரல. எப்படி வந்தது அந்த வார்த்தை வாயில்? "நீயா? எடுத்துட்டு வரலியா? நீ குளிக்கப் போனாக்கூட அது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கும்னு நாடினே சொல்லுவாளேய்யா!" வரலைன்னா வரலை, உனக்கென்ன, போய்ப் புழுவ எண்ணு... குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது, ஆர்வில் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு மாதிரி பார்த்தார், அந்தப் பார்வை பிடிக்கவில்லை, நாளைக்குள் ஊர் முழுக்க, டெல்பர்ட்டு வெறுங்கையோட வந்தான் என்று புழுவோடு சேர்த்து விற்றுவிடுவான்.

வண்டியைத் திருப்பினார். எங்கே? வீட்டில் எடுத்தேன், சமையலறை மேசையில் வைத்து நிரப்பினேன், உறையில் போட்டேன், கோட்டு மாட்டினேன், அதுவரை சரி. கிளெட்டா கடையில் காலைச் சாப்பாடு, பக்வீட் மாவு அப்பம், சாசேஜ், இரண்டு கோப்பை காபி, இரண்டாவது கோப்பை வயிற்றைக் கலக்கியது, எழுந்து பின்பக்கம்... ஆ. அங்கே. உட்கார வேண்டுமென்றால் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும், தளர்த்தினால் இத்தனை கனத்தை உறையோடு தரையில் தொங்கவிட முடியாது, எடுத்துச் சுவரில் மாட்டிய கழிப்பறைக் காகிதப் பெட்டியின் மேல் வைத்தார், கண்ணில் படுகிற மாதிரி, மறக்கவே முடியாத இடத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள், ஆள் இருக்கு என்று கத்தினார், அந்தத் தட்டல்தான், அந்த அவசரம்தான், மனிதன் நிம்மதியாக உட்காரக்கூட விடாத ஜனங்கள்... பெட்டியின் மேல். எத்தனை மணி? ஒன்பது. இப்போது பதினொன்றரை. இரண்டரை மணி நேரமாக அவர் வெறும் தோலைக் கட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போயிருக்கிறார், தீவனக் கடைக்குப் போயிருக்கிறார், அந்த நாடாப் பயலைப் பார்த்து மனத்துக்குள் அத்தனை பேச்சுப் பேசியிருக்கிறார், ஆனால் கனம் இருந்ததே, இடுப்பில் கனம் இருந்தது, சத்தியமாக இருந்தது, இருக்கை வாரைப் போடும்போது அது இடித்ததுகூட நினைவிருக்கிறது... இல்லாத ஒன்று எப்படி இடிக்கும்? யாராவது எடுத்திருப்பார்களா? கோழி அறுக்கிற ஆலைக்குப் போகிற புது ஆட்கள் காலையில் அங்கேதான் காபி குடிக்கிறார்கள், யார் யாரென்று யாருக்குத் தெரியும், யாரையும் நம்ப முடியாது. தட்டியது யார்? வெளியே வந்தபோது கதவருகில்... ஒரு இளம்பெண். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு குழந்தை, நான்கு வயது இருக்குமா, கால்களைப் பின்னிக்கொண்டு நின்றது, அவரைப் பார்த்து ஏதோ சொன்னதுகூட, இவர் காது கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கடையில் ஒரே கழிப்பறை. அடுத்து உள்ளே போனது அந்தக் குழந்தை. காகிதப் பெட்டி எந்த உயரத்தில்... அவர் உட்கார்ந்தால் முழங்கைக்கு வரும். நின்றால் குழந்தைக்கு...

கால் தானாக ஆக்ஸிலேட்டரை அமுக்கியது. அம்மாக்காரி என்ன செய்துகொண்டிருந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள் வேலை இல்லையா, இந்தக் காலத்துப் பெண்கள் போனை நோண்டிக்கொண்டே... ஒன்றும் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் இந்நேரம் சங்கு ஊதிக்கொண்டு வண்டிகள் போயிருக்கும், தீவனக் கடையில் பேசியிருப்பார்கள். இதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கரைக்காரர்கள் சட்டம் எழுதுகிறார்கள், எவனோ ஒருவன் எங்கேயோ ஒன்றை மறந்தால் ஊரிலிருப்பவன் எல்லோர் கையையும் கட்டு என்று. எழுதட்டும். அன்றைக்கு அவர்கள் வந்தார்களா? பெரும்பனி பெய்த அந்த வருடம், நாடின் கைக்குழந்தை ரமோனாவோடு தனியாக, இவர் ஆலையில், பட்டப்பகலில் ஒருவன் பின்கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருக்கிறான், நாடின் போன் செய்தாள், ஷெரீஃப் ஆபீஸில் பணிவாகத்தான் பேசினார்கள், வருகிறோம் அம்மா, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று, வந்து சேர இரண்டு மணி நேரம், பனி, மலைப்பாதை, யாரைக் குறை சொல்ல, அவனாகவே போய்விட்டான், ஏன் வந்தான் ஏன் போனான் யாருக்கும் தெரியாது. மறுநாள் வாங்கியதுதான் இந்த ரிவால்வர், அப்போதே பழையது. இத்தனை வருடத்தில் மனிதன் மீது நீட்டியதில்லை. வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் துடித்த மான்கள் இரண்டு, வாசற்படியில் ஒரு விரியன் பாம்பு, அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆனாலும் அது இருந்ததால் நாடின் தூங்கினாள். அதை எந்த நீதிபதி தாளில் எழுதுவான்? சட்டைப்பையில் போன் துடித்தது, ரமோனாவாகத்தான் இருக்கும், எடுக்கவில்லை, எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், அம்மாவைப் போலவே. அவளுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை எழுதுவாள். இன்றைக்கு முதலில் துப்பாக்கி, அப்புறம் வண்டிச் சாவி, அப்புறம் கீழ் அறை, ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக்காரன் குப்பைத்தொட்டி, மூன்று வேளையும் இலைதழை...

கிளெட்டா கடை முன்னால் போலீஸ் வண்டி இல்லை. பக்கத்தில் இடம் இருந்தும் வண்டியைக் கோடியில், நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தினார், ஏனென்று அவருக்கே தெரியாது. உள்ளே நுழைந்தபோது எல்லாம் காலையில் விட்ட மாதிரியே இருந்தது, வெங்காயம் வதங்குகிற வாசனை, சிவப்பு ஸ்வெட்டர் இல்லை, நேராகப் பின்பக்கம் நடந்தார், கதவுப் பிடியில் கை வைத்ததும், "அங்க தேடாத," என்றது குரல். கிளெட்டா, அறுபது வயது, ஆணைப் போலத் தோள்கள், கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை. "காபி ஊத்தட்டுமா, இல்ல நேரா சமையக்கட்டுக்கு வர்றியா?" போனார். வேறென்ன செய்ய. கிளெட்டா கதவைச் சாத்தி, மாவு ட்ரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். "கொழந்தைதான் மொதல்ல பாத்துச்சு. 'அம்மா, அந்தத் தாத்தா பொம்மைய விட்டுட்டுப் போயிட்டாரு'ன்னுச்சாம்." தொட்டதா என்று கேட்டார். "தொடல. அவ சட்டுனு தூக்கிக்கிட்டு வெளிய வந்து, கதவச் சாத்தி, அதுமேல சாஞ்சு நின்னுக்கிட்டு என்னக் கூப்பிட்டா. கத்தல. அவ பையிலயும் ஒண்ணு இருக்குன்னு அப்புறம்தான் சொன்னா." தொடலன்னா அப்புறம் என்ன, என்றார். கிளெட்டா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்காமல், சட்டப்படி பாத்தா... என்று ஆரம்பித்தார், "யோவ், எங்கிட்ட சட்டம் பேசாத. சட்டப்படி உம்மேல ஒண்ணுமில்ல, எனக்குத் தெரியும். இது என் கடை, துப்பாக்கியோட வராதேன்னு நான் வாசல்ல போர்டு மாட்டலாம், அதுவும் சட்டம்தான். இத்தன வருசமா மாட்டல." மாட்டுனா நான் வர மாட்டேன். "அதான் மாட்டல, கிழட்டுப் பயலே." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. ரமோனாகிட்ட சொல்லிட்டியா? "நான் எதுக்குச் சொல்றேன். அது உன் வாய்." சரி, அந்த மட்டில் தப்பித்தது.

துணியைப் பிரித்தார். கைப்பிடியில் மாவு படிந்திருந்தது, ஊதினார். கிளெட்டா காகிதக் கோப்பை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், தோட்டாக்கள் பலகையில் உருண்டன, ஒன்றை அவள் விளிம்பில் விழாமல் பிடித்து மற்றதோடு சேர்த்து நிற்க வைத்தாள். ஆறு. இது என்ன என்று கேட்டார். "உன் தோட்டா." என்னோடது அஞ்சு. "ஆறு இருந்துச்சு." அஞ்சுதான், இந்தப் பழைய மாடல் ரிவால்வரில் எவனும் ஆறு போட மாட்டான், ஆறு அறை இருக்கும், ஐந்தில்தான் போடுவது, பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கிற சுத்தியலுக்கு நேராக இருக்கிற அறை காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கை தவறிக் கீழே விழுந்தால் போதும், யாரும் விசையைத் தொடாமலே வெடிக்கும், வாங்கின அன்றைக்கே கடைக்காரன் சொன்னது, அன்றிலிருந்து ஒருநாள், ஒரே ஒருநாள் அவர் ஆறு போட்டதில்லை, கை பழகிய கணக்கு அது, ஒன்று போடு, ஒன்றை விடு, நாலைப் போடு, மூடு... "எனக்குத் தெரியாதா அந்தக் கதை?" என்றாள் கிளெட்டா. "எங்கப்பனும் அஞ்சுதான் போடுவான். அதனாலதான் ஆறாவதைத் தள்ளுனப்ப அத எடுத்து வெளிச்சத்துல புரட்டிப் பாத்தேன். அந்தப் பெட்டி மூடி ஆடிக்கிட்டே இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல?" நீ போட்டிருப்ப. "நானா! என்னோடது ஒம்பது எம்.எம். துப்பாக்கி, இந்தத் தோட்டா அதுல போகாது, கல்லாவுக்குக் கீழ இருக்கு, போய்ப் பாரு. உன் தோட்டாவ வாங்கி வெச்சு நான் என்ன ஊறுகா போடுறதா?" அப்ப அந்தப் பொண்ணு. "அவ தொடவே இல்லன்னேன்." யாரையும் நம்ப முடியாது, யார் எதற்காக என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்... ஆறும் ஒரே நிறம், ஒரே பழுப்பு, அலமாரியில் இருக்கிற அவருடைய பழைய பெட்டியில் இருப்பவற்றைப் போலவே, ஒரே கடை, ஒரே சரக்கு, அதனாலென்ன, ஊரில் எல்லோரும் அதே கடையில்தான் வாங்குகிறார்கள். ஐந்தைப் பொறுக்கிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டார். ஆறாவது பலகையில் மாவுக்கு நடுவே நின்றது. "இதயும் எடுத்துட்டுப் போ." அது என்னோடது இல்ல. "அப்ப யாரோடதுய்யா?" அது உம்பாடு, என்றார், கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார், நன்றி சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், மாவைப் போட்டு இயந்திரத்தைக் கெடுத்ததற்கா?

வெளியே வெயில் கண்ணில் அடித்தது. போன் மறுபடி துடித்தது, இந்தத் தடவை எடுத்தார். "அப்பா, எங்க இருக்கீங்க, சாப்பாடு ஆறிப் போகுது." வரல. "ஏம்ப்பா, உடம்பு ஏதாவது..." உடம்புக்கு ஒண்ணுமில்ல, பதில் கேட்டியே, இதுதான் பதில், எனக்கு இந்தக் கரையே போதும், என் வீடு, என் அடுப்பு, எவனும் தாள்ல எழுதிக் குடுத்து எதையும் புடுங்க முடியாது. "யாருப்பா புடுங்குறது?" என்றாள் ரமோனா, மெதுவாக, அவளுக்கு ஏழெட்டு வயதில் இருந்த குரலில். அணைத்துவிட்டார். முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. வண்டி இருக்கும் கோடியை நோக்கி நடந்தார், சரளைக் கற்கள் காலடியில் நொறுங்கின, உறையில் ரிவால்வர் திரும்ப வந்துவிட்டது, காலி ரிவால்வர், கிளெட்டா முன்னாலேயே நிரப்பியிருக்கலாம், நிரப்பவில்லை, கை அழுக்காக இருந்தது, மாவு, வண்டியில் போய்ப் போட்டுக்கொள்ளலாம், அல்லது வீட்டுக்குப் போய், அவசரம் என்ன... கிளெட்டா பொய் சொல்கிறாள், பெண்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்துகொண்டு கிழவனை மிரட்டப் பார்க்கிறார்கள், காலையில் அவர் மேசையில் உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது, ஜன்னல் பக்கம் முகம், ரேடியோவில் வானிலை, ஒன்று போட்டார், ஒன்றை விட்டார், அப்புறம்... அப்புறம் மூடினார். விட்டதும் நினைவிருக்கிறது. விட்டது இன்றைக்கா? என்றைக்கும் விடுகிறவருக்கு இன்றைக்கு என்று தனியாக எப்படி நினைவிருக்கும், என்ன கேள்வி இது. திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுப்பைக்குள் கட்டைவிரல் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்துதான், எப்போதும் ஐந்துதான், அவர் நடந்துகொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.